507 மணி நேரம்: இரண்டு படங்களுக்கு நடுவே பிரெஞ்சு நடிகர் எப்படிச் சாப்பிடுகிறார்?

பாரிசில் இரண்டு நடிகர்கள் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "உன் மணிகள் சேர்ந்துவிட்டனவா?" என்ன படம், யார் இயக்குநர் என்பதெல்லாம் அப்புறம். ஒலிப்பதிவாளரும் ஒப்பனைக் கலைஞரும் விளக்குப் பணியாளரும்கூட இதையேதான் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த "மணிகள்" மொத்தம் 507. பன்னிரண்டு மாதங்களுக்குள் 507 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்ததாகக் காட்ட முடிந்தவருக்கு, அடுத்த ஓராண்டில் வேலையில்லாத நாள்களுக்கு உதவித்தொகை உண்டு. காட்ட முடியாதவருக்கு இல்லை.

ஐரோப்பிய நடிகர்களையும் இயக்குநர்களையும் பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் படப் பட்டியல்கள். எந்த ஆண்டு எந்தப் படம், கான் திரைப்பட விழாவில் என்ன கிடைத்தது, ஹாலிவுட் எப்போது கூப்பிட்டது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் சத்தமில்லாமல் காணாமல்போயிருக்கும். அந்த மூன்று ஆண்டுகளும் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள்? எனக்கு விருதுகளைவிட அந்தக் கேள்விதான் சுவையாகப் படுகிறது. பிரான்சில் அதற்கு ஏறக்குறைய துல்லியமான பதில் இருக்கிறது. அந்தப் பதில் தெரிந்துவிட்டால், ஒரு நடிகர் ஏன் அந்த வேடத்தை ஒப்புக்கொண்டார், ஓர் இயக்குநர் ஏன் நான்கு ஆண்டுகள் பேசாமலிருந்தார் என்பவை வேறு விதமாகப் புரியத் தொடங்கும்.

முதலில் பெயர். இந்த ஏற்பாட்டின் கீழ் வருபவரை பிரெஞ்சில் "அந்தெர்மித்தான்" என்பார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது என்கிறோமே, அந்த "விட்டுவிட்டு"தான் பொருள். விட்டுவிட்டு வேலை கிடைக்கும் கலைத்துறைத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். இது ஒரு தொழிலின் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; கலைஞர்களுக்கு அரசு தரும் மானியம் என்றும் நினைப்பதுண்டு. இரண்டும் தவறு. இது வேலையின்மைக் காப்பீட்டில் உள்ள ஒரு தனி விதி, அவ்வளவுதான். பிரான்சில் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் அந்தக் காப்பீடு இருக்கிறது. ஆனால் சாதாரண ஊழியர் அதைப் பெற 24 மாதங்களில் ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். நான்கு நாள் இங்கே, ஆறு நாள் அங்கே என்று வாழும் நடிகர் அந்த வாசலை ஒருபோதும் தாண்ட மாட்டார். அதனால் அவருக்கென்று தனி வாசல்.

வாசல் முதலில் திறந்தது நடிகருக்காக அல்ல என்பது வேடிக்கை. 1936-இல், சினிமாவில் பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்காகத்தான் இந்தத் தனி நிலை உருவானது. அரங்கம் அமைக்கும் தச்சரும் மின்பணியாளரும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை இருக்கும்போது ஆறு வாரப் படப்பிடிப்புக்கு எதற்காக வருவார்கள்? அவர்களை ஸ்டுடியோவுக்கு வரவழைக்க ஏதாவது பாதுகாப்பு தேவைப்பட்டது. 1958 இறுதியில் நாடு தழுவிய வேலையின்மைக் காப்பீடு பிறந்தது. 1960களில் அதனுடன் இரண்டு இணைப்புகள் சேர்ந்தன. எட்டாம் இணைப்பு தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு, பத்தாம் இணைப்பு நடிகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் போன்றோருக்கு. இன்றும் துறையில் உள்ளவர்கள் "நான் எட்டு", "அவர் பத்து" என்றே பேசிக்கொள்கிறார்கள்.

இதைத் தாங்கி நிற்கும் இன்னொரு தூண், 1969 டிசம்பரில் வந்த ஒரு சட்டம். ஒரு கலைஞரைப் பணம் கொடுத்து நடிக்கவோ பாடவோ அழைத்தால், அவர் உங்கள் ஊழியர் என்றே சட்டம் முன்கூட்டி எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, ஒரே ஒரு நாள் வேலையானாலும் சரி. கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. சம்பளச் சீட்டு, ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீட்டுப் பங்கு எல்லாம் கொடுத்தாக வேண்டும். விடுமுறைச் சம்பளத்துக்குக்கூட ஒரு பொது நிதி இருக்கிறது. ஆண்டுக்குப் பதினைந்து முதலாளிகள் இருப்பவருக்கு எந்த முதலாளி விடுப்புத் தருவார்? எனவே ஒவ்வொருவரும் தம் பங்கை அந்த நிதியில் செலுத்திவிடுகிறார்கள். நடிகர் ஆண்டுக்கொருமுறை அங்கிருந்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்.

507 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது? வாரம் 39 மணி நேர வேலை சட்டமாக இருந்த காலத்தில், கால் ஆண்டுக்கு 13 வாரம். பதின்மூன்றை முப்பத்தொன்பதால் பெருக்கினால் 507. அதாவது ஆண்டில் மூன்று மாத முழுநேர வேலைக்குச் சமம். வேலை வாரம் பிறகு 35 மணி நேரமாகக் குறைந்தது. 507 மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நடிகர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குவதில்லையே, எப்படி எண்ணுவது? அதற்குத்தான் "காஷே". ஒரு நாள் படப்பிடிப்புக்கோ ஒரு நாடகக் காட்சிக்கோ மொத்தமாகக் கொடுக்கும் தொகை அது. நம் கால்ஷீட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். 2016 முதல் ஒவ்வொரு காஷேயும் 12 மணி நேரமாக எண்ணப்படுகிறது. மேடையில் நின்றது ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் கணக்கு மாறாது. ஆக 43 காஷே இருந்தால் 507-ஐத் தாண்டிவிடலாம்.

ஆண்டுக்கு 43 நாள்தானா என்று சிரிப்பதற்கு முன் ஓர் ஆண்டை வாழ்ந்து பார்ப்போம். லியோனில் வசிக்கும் 38 வயது நடிகை ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகத்தைப் பார்த்தால் "எங்கோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றும், பெயர் வராது. பிரெஞ்சு நடிகர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ரகம். அவருடைய கணக்குத் தேதி நவம்பர் 14. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் எண்ணப்படும்.

குளிர்காலம் முழுக்க ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் மோன்பெலியே பக்கம் படமாகும் ஒரு தினசரித் தொலைக்காட்சித் தொடரில் வழக்கறிஞர் வேடம், 6 நாள். மார்ச் முதல் மே வரை ஒரு நாடகக் குழுவோடு சிறு நகரங்களில் சுற்றுப்பயணம், 22 காட்சிகள். ஜூனில் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பிணவறை மருத்துவர், 4 நாள். செப்டம்பரில் ஓர் அமெரிக்கத் தொடருக்கு டப்பிங், 5 நாள். மொத்தம் 37 காஷே, அதாவது 444 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற ஒரு நாடகப் பள்ளியில் 48 மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறார். கற்பித்தலில் 70 மணி நேரம் வரை சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இப்போது 492. அக்டோபர் வந்துவிட்டது, 15 மணி குறைகிறது. வரும் ஓராண்டு வாழ்க்கை இரண்டு காஷேயில் தொங்குகிறது. இந்த நேரத்தில் ஓர் இளம் இயக்குநர் தம் குறும்படத்தில் அம்மா வேடத்துக்கு இரண்டு நாள் முறையான சம்பளத்தோடு கேட்டால், திரைக்கதை எப்படி இருக்கிறது என்று அவர் அதிகம் யோசிக்க மாட்டார். 516. தப்பித்தார்.

ஒரு நல்ல நடிகையின் படப் பட்டியலில் திடீரென்று ஒரு மோசமான குற்றத்தொடர் அத்தியாயம், யாரும் பார்க்காத ஒரு குறும்படம் என்று வந்து நின்றால், "சரிவு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது அக்டோபர் மாதமாக இருந்திருக்கலாம். தினசரித் தொடர்களை விமர்சகர்கள் ஏளனமாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் மார்சேயில் 2004 முதல் 2022 வரை ஒரே தொடர் ஓடியது. பதினெட்டு ஆண்டுகள், வாரம் ஐந்து அத்தியாயம். அப்படிப்பட்ட தொடர் தென்பகுதி நடிகர்கள் எத்தனை பேருடைய மணிகளை நிரப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாரிசுக்குக் குடிபெயராமலே நடிகராக வாழலாம் என்ற நிலைக்கு அவையும் ஒரு காரணம்.

பணம் எப்படி வருகிறது? ஒவ்வொரு மாத இறுதியிலும் நடிகர் தாம் எத்தனை நாள், யாரிடம், எவ்வளவுக்கு வேலை பார்த்தார் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். (அந்த அலுவலகத்துக்கு 2024 முதல் பிரான்ஸ் த்ரவாய் என்று பெயர்.) வேலை பார்த்த நாள்கள் கழிக்கப்பட்டு மீதி நாள்களுக்கு உதவித்தொகை வரும். நாள் தொகை அவருடைய பழைய சம்பளத்தையும் மணிகளையும் பொறுத்தது. 2016 ஏற்பாட்டின்படி குறைந்தபட்சம் நடிகருக்கு 44 யூரோ, தொழில்நுட்பக் கலைஞருக்கு 38 யூரோ. சம்பளமும் உதவியும் சேர்ந்து ஒரு மாதத்தில் குறிப்பிட்ட உச்சவரம்பைத் தாண்டவும் கூடாது. எனவே பெரிய நட்சத்திரங்கள் இதில் கொழிக்கிறார்கள் என்ற பேச்சில் சாரம் குறைவு. பேறுகால விடுப்பில் ஒரு நாளுக்கு 5 மணி நேரம் கணக்கில் சேர்கிறது. நீண்டகாலம் இந்த ஏற்பாட்டில் இருந்தவர் ஓர் ஆண்டு தவறிவிட்டால், 338 மணி நேரமாவது இருந்தால் ஆறு மாதத் தவணை தரும் ஒரு கதவும் உண்டு.

இதற்கு வெளியே வாழும் நடிகர்களும் உண்டு. 1680-இல் தொடங்கிய கொமெடி பிரான்சேஸ் அரங்கில் சேர்ந்தால் மாதச் சம்பளம், நிரந்தரக் குழு, இரவுக்கு இரவு வேறு நாடகம். நடிகர் பியேர் நினே 21 வயதில், 2010-இல் அங்கே சேர்ந்தார். 2015-இல் வெளியேறிச் சினிமாவுக்கே போய்விட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு 507-ஐ எண்ணும் உலகுக்குப் போவது எல்லோருக்கும் அவரைப்போல் வாய்க்காது. பாரிஸ் தேசிய நாடகப் பள்ளி ஆண்டுக்குச் சுமார் 30 பேரைத்தான் எடுத்துக்கொள்கிறது. அங்கே தேறியவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே கொடுத்து நாடகக் குழுக்களில் சேர்த்துவிடும் ஓர் அமைப்பும் இருக்கிறது. மற்றவர்கள் முதல் 507-ஐத் தாங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். உண்மையில் கடினமானது அந்த முதல் தடவைதான்.

*இயக்குநரின் கதை வேறு*

நடிகருக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்துகிறது. இயக்குநருக்குப் பாதிதான் பொருந்துகிறது.

சட்டத்தின் பார்வையில் திரைப்பட இயக்குநர் இரண்டு பேர். படப்பிடிப்பிலும் படத்தொகுப்பிலும் அவர் சம்பளம் வாங்கும் தொழில்நுட்பக் கலைஞர், எட்டாம் இணைப்பு. திரைக்கதை எழுதும்போது அவர் எழுத்தாளர். அப்போது வாங்குவது உரிமைத்தொகை, சம்பளம் அல்ல. உரிமைத்தொகைக்கு மணிக்கணக்கு இல்லை. இரண்டு ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்து எழுதினாலும் 507-இல் சேர்வது பூஜ்யம்.

கணக்கைப் பாருங்கள். எட்டு வாரப் படப்பிடிப்பு, வாரம் 39 மணி நேரம் என்றால் 312. அதற்கு முந்தைய தயாரிப்பு வாரங்களும் பிந்தைய படத்தொகுப்பு வாரங்களும் சேர்ந்தால் 507 தாராளமாக வந்துவிடும். படம் எடுத்த ஆண்டு பிரச்சினையே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு உதவித்தொகையில் ஓடும், அந்த ஆண்டில்தான் அடுத்த கதையை எழுதுவார். பல பிரெஞ்சுத் திரைக்கதைகளின் முதல் வரைவுக்குப் பணம் போட்ட முதல் தயாரிப்பாளர் வேலையின்மைக் காப்பீடுதான் என்று நான் சொல்வேன். அதற்கும் அடுத்த ஆண்டு? கதை முடிந்திருக்காது, தயாரிப்பாளர் பணம் திரட்டிக்கொண்டிருப்பார், மணிகள் தீர்ந்துபோயிருக்கும். அப்போது விளம்பரப் படம், தொலைக்காட்சித் தொடரில் இரண்டு அத்தியாயம், நிறுவனங்களுக்கான குறும்படம், திரைப்படப் பள்ளியில் வகுப்பு என்று இறங்குவார். திரைப்பட இயக்குநர் தொலைக்காட்சிக்குப் போவதற்கு அழகியல் காரணம் சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. மணிகள் என்ற காரணத்தைச் சொல்லும் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்துக்கு வேறு வழியில் உதவி வருகிறது. 1946-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட மையம் ஒவ்வொரு திரையரங்க டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டும் இதற்கு விலக்கல்ல. அந்தப் பணம் திரைப்படத் துறைக்கே திரும்பிப் போகிறது. 1959 முதல், கதையைப் படித்துப் பார்த்து ஒரு குழு முன்பணம் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. 2023-இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கிய இயக்குநர் ஜூஸ்தீன் திரியே மேடையிலேயே அரசை விமர்சித்தபோது, "எங்கள் வரிப்பணத்தில் படமெடுத்துவிட்டு எங்களையே திட்டுவதா?" என்று ஒரு கூச்சல் எழுந்தது. டிக்கெட்டில் பிடித்த பணம் பொது வரவுசெலவுக் கணக்குக்கு வரும் வரிப்பணம் அல்ல என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

*சண்டைகள்*

யார் பணம் என்ற கேள்விதான் எல்லாச் சண்டைகளுக்கும் ஊற்று. பொதுக் காப்பீட்டு நிதியில் எல்லாத் தொழிலாளர்களின் முதலாளிகளும் பங்கு செலுத்துகிறார்கள். கலைத்துறை செலுத்துவதைவிடப் பெறுவது அதிகம். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூரோ பற்றாக்குறை என்று 2012-இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் மன்றம் சுட்டிக்காட்டியது. எதிர்வாதமும் உண்டு: இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு அவர்களைப் பொது விதியின் கீழ் கொண்டுவந்தாலும் பெரும்பகுதி செலவு அப்படியே இருக்கும், மிச்சமாவது சுமார் 32 கோடிதான் என்று காப்பீட்டு நிறுவனமே கணக்கிட்டது. இத்துறை முதலாளிகள் செலுத்தும் பங்கு விகிதமும் மற்றத் துறைகளைவிட இருமடங்குக்கும் மேல்.

என் கோபம் வேறிடத்தில். ஆண்டுக்கணக்கில் ஒரே நிறுவனத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை "விட்டுவிட்டு வேலை செய்பவர்" என்று காட்டிச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டின் தலையில் கட்டும் வழக்கம் தொலைக்காட்சித் துறையில் நெடுநாளாக உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் துறையில் கேலியாக "பெர்மித்தான்" என்று பெயர். நிரந்தரத்தையும் விட்டுவிட்டையும் ஒட்டவைத்த சொல். பலர் நீதிமன்றம் போய் நிரந்தர ஒப்பந்தம் வாங்கியிருக்கிறார்கள். பற்றாக்குறை என்று பேச வருபவர்கள் நாடக நடிகரிடமிருந்து ஆரம்பிக்காமல் இங்கிருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.

2003 கோடையில் விதி இறுக்கப்பட்டது. அதே 507-ஐ, தொழில்நுட்பக் கலைஞர் 10 மாதத்திலும் நடிகர் பத்தரை மாதத்திலும் சேர்க்க வேண்டும் என்றானது. நாடெங்கும் வேலைநிறுத்தம். 1947 முதல் நடந்துவரும் அவிஞோன் நாடக விழா அந்த ஆண்டு ரத்தானது, எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகர ஓபரா விழாவும் ரத்தானது. 2004-இல், பிரெஞ்சுத் திரைப்பட விருதான சேசார் வழங்கும் விழாவில் நடிகையும் இயக்குநருமான ஆஞெஸ் ஜவுயி, எதிரே உட்கார்ந்திருந்த பண்பாட்டு அமைச்சரை நோக்கி இதைப் பற்றியே பேசினார். 2014-இல் மறுபடி வேலைநிறுத்தம். 2016-இல் தொழிற்சங்கங்களும் துறை முதலாளிகளும் உடன்பட்ட பிறகுதான் பன்னிரண்டு மாதம் திரும்பி வந்தது.

கொரோனா வந்தபோது எல்லோர் மணிகளும் ஒரே நாளில் நின்றுபோயின. 2020 மே மாதம் அதிபர் மக்ரோன் "வெற்று ஆண்டு" என்று அறிவித்தார்: கணக்குத் தேதி வந்தாலும் எண்ண மாட்டோம், உதவித்தொகை 2021 ஆகஸ்ட் இறுதி வரை தொடரும். பிறகு அது 2021 முடியும் வரை நீண்டது. ஆனால் அரங்குகள் மூடியே கிடந்தன. 2021 மார்ச்சில் பாரிசின் ஒதெயோன் அரங்கைக் கலைஞர்கள் ஆக்கிரமித்தார்கள். அதே மாதம் சேசார் விழாவுக்குக் கழுதைத்தோல் உடையில் வந்தார் கொரின் மசியெரோ. தொலைக்காட்சியில் துப்பறியும் கேப்டன் வேடத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் அவர். மேடையில் உடைகளை முழுவதும் களைந்து, வெற்றுடம்பில் எழுதியிருந்த கோரிக்கையைப் பிரதமருக்குக் காட்டினார். பார்த்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அவர் பேசியது தம் வாய்ப்பைப் பற்றியல்ல, மணிகள் நின்றுபோன மற்றவர்களைப் பற்றி.

2015-இல் தங்கப்பனை வென்ற "தீபன்" பாதிக்கு மேல் தமிழ் பேசும் பிரெஞ்சுப் படம். எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த அந்தப் படத்தின் இறுதியில் ஓடும் நீண்ட பெயர் வரிசையில் விளக்கும் ஒலியும் ஒப்பனையும் பார்த்தவர்களை இன்னொரு முறை கவனியுங்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்கள் மாதிரியானவர்களைப் பற்றியது.

*மற்ற நாடுகளில்*

பெல்ஜியத்தில் கலைஞர்களுக்கென்று இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. அங்கே மணிக்கணக்கே கேட்கவில்லை. பிரிட்டனில் இப்படி ஒன்று கிடையாது. பெயர்பெற்ற நடிகர்களே ஆரம்ப காலத்தில் மதுக்கடையிலும் தொலைபேசி விற்பனையிலும் வேலை பார்த்த கதைகள் அங்கே ஏராளம்.

ஜெர்மனி இதற்கு நேர்மாறு. அங்கே நகரத்துக்கு நகரம் பொது நிதியில் நடக்கும் நாடக அரங்குகள் உண்டு. பொதுவாக நடிகர் அவற்றில் ஒன்றில் மாதச் சம்பளத்துக்குச் சேர்கிறார். ஒப்பந்தம் வழக்கமாக ஒரு பருவத்துக்கு, தானாகவே நீண்டுகொண்டு போகும். நீட்டிக்க விருப்பமில்லை என்றால் அரங்கம் அக்டோபர் 31-க்குள் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு நடிகர் அக்டோபரில் மணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஜெர்மன் நடிகர் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஜெர்மன் நடிகை ஸான்ட்ரா ஹ்யூலர் அந்த மரபில் வளர்ந்தவர். பெர்லினில் நாடகப் பள்ளி, பிறகு யேனா, லைப்சிக், பாசல் அரங்குகள். 2006-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கிய பிறகும் மேடையை விடவில்லை. 2019-இல் போஹும் நகர அரங்கில் ஹாம்லெட்டாக நடித்தார். அவரை வைத்துத்தான் ஜூஸ்தீன் திரியே 2023-இல் தங்கப்பனை வாங்கிய அந்தப் படத்தை எடுத்தார். ஒரே படப்பிடிப்புத் தளத்தில் கேமராவுக்கு முன்னால் நின்றவர் மாதச் சம்பள மரபில் வந்தவர். பின்னால் நின்ற ஒளிப்பதிவு, ஒலி, விளக்குக் குழுவினர் தங்கள் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்.